வாசலில் மல்லிப் பந்தல்

இன்னிக்கு எங்க புது ஊட்டு வாசலுக்கு நான்தான் இன்ஜினியர். சும்மா கெடந்த கோலமாவை எடுத்து மண்ணுல கோடு போட்டேன்.

"இங்க மாமரம், அங்க கல்லு பெஞ்சு, கேட்டுக்குப் பக்கத்துல உங்களுக்கு மல்லிப் பந்தல்"னு அம்மாகிட்டக் காட்டினேன்.

அம்மா கோட்டையே பாத்துட்டு, "மல்லி வேண்டாஞ் சாமி. யாரு வெக்கறது?"ன்னாங்க.

அப்பா லாரி கவுந்து செத்ததுல இருந்து அம்மா தலையில பூ வெக்கறதில்லை. தெரிஞ்ச விசயந்தான். கோடு போட்ட சந்தோசத்துல மறந்துட்டேன்.

"நான் வெச்சுக்கறேனுங்க. ஸ்டெப் கட்டிங்குக்கு நல்லா நிக்கும்"னேன்.

அம்மா சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே, பந்தல் கோட்டைக் காலால அழிச்சாங்க.

பூக்காத செடி ஏதாவது இருந்தா சொல்லுங்க மக்களே. குரோட்டன்ஸ்னு சொல்றவன் ஊட்டு வாசல்ல கருவேலம் நட்டுட்டு வந்துருவேன்.