ஒன்றும் ஐந்தும்

தஞ்சாவூரில் உளவியல் படிக்கும் என் மகள், போன ஆனி மாதம் ஒரு கேள்வித்தாளோடு வந்தாள். ஒருவருடைய நகைச்சுவை எந்த வகை என்று அளக்கும் தாளாம். ‘என் கிண்டல் பிறரைப் புண்படுத்தும்’ என்ற வரிக்கு எதிரே ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கான ஒன்றை யோசிக்காமல் வட்டமிட்டேன். கூட்டிப் பார்த்தவள், “எல்லாரையும் சேத்து வச்சு சிரிக்க வைக்கிறவருப்பா நீங்க” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்து வயல்காரர் நாகராஜனும் அதே தாளை நிரப்பிக் கொடுத்தார். எங்கள் ஊர் கடைமடை. ஆற்றில் திறந்த தண்ணீர் எங்களுக்குத்தான் கடைசியில் வரும். ஒவ்வொரு வருடமும் வாய்க்கால் ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்தபடி அவருக்குப் போன் போட்டு, “வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு, ஓடியாங்கண்ணே” என்பேன். அவர் மண்வெட்டியோடு ஓடிவந்து காய்ந்த வாய்க்காலைப் பார்த்து நிற்பார். கடையே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

மகள் வெளியே போயிருந்தபோது அவருடைய தாளைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். ‘பிறர் என்னைக் கேலி செய்யும்போது வலித்தாலும் சேர்ந்து சிரிப்பேன்’ என்ற வரியில் ‘எப்போதும்’ என்பதற்கான ஐந்தை வட்டமிட்டிருந்தார். பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் கடைக்குப் போனேன். அங்கே நாகராஜனோடு இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “என்னண்ணே, தண்ணி வந்துருச்சாமே?” என்றேன்.

யாரும் சிரிப்பதற்கு முன்னால் நாகராஜன் சிரித்துவிட்டார்.

என்னைச் சரியாக அளந்த தாள் அவருடையதுதான். மகளிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை.