எட்டடி அறையும் சீர் ஃபேனும்

கடலூரில் மின்சாதனக் கடை ஒன்றின் வருகைப் பதிவேடு அவளைப் பற்றி இப்படிச் சொல்கிறது: “எழிலரசி, வயது 44, மேல்பட்டாம்பாக்கம். பணி: துப்புரவு. தொழில்திறன்: இல்லை.” அந்தக் கடை விற்கும் சீலிங் ஃபேன்களை ஆறு வருஷமாகக் கடலூரிலும் சிதம்பரத்திலும் வீடு வீடாகப் போய் மாட்டுகிறவள் அவள்தான். துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

இந்தப் பக்கத்தில் தாழ்ந்த கூரையை யாரும் ஆசைப்பட்டுக் கட்டுவதில்லை. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போடுகிறார்கள். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. வீட்டுக்காரர் தரையை உயர்த்துகிறார். கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கால் தண்ணீரிடமிருந்து தப்பிக்கிறது. தலை ஃபேனிடம் மாட்டிக்கொள்கிறது.

சிதம்பரத்தில் சுப்பராயலு தன் வீட்டுத் தரையை ஒன்றரை அடி உயர்த்தியிருந்தார். புதிதாகக் கல்யாணமான மகன் அறிவழகனின் படுக்கையறை, ஒன்பதரை அடியிலிருந்து எட்டடிக்கு வந்துவிட்டது. சம்பந்தி சீராகக் கொடுத்த ஃபேன், தங்கப் பூ வேலையும் கூரையிலிருந்து தொங்கவிடும் ஓரடி ராடுமாகக் கட்டிலில் படுத்திருந்தது. மறுநாள் சம்பந்தி வருகிறார். அதற்குள் அது சுற்ற வேண்டும்.

“அவரு பழைய கஸ்டமர். சொல்றத மாட்டிட்டு வந்துடு” என்று முதலாளி ஸ்ரீதர் சொல்லி அனுப்பியிருந்தார். “கம்ப்ளெயின்ட் வந்துச்சு, திங்கக்கெழமையிலேருந்து நீ கடையில பொட்டி தொடைக்கிறதோட சரி.”

எழிலரசி அறையை அளப்பதற்கு முன், வீட்டிலேயே உயரமான ஆளை அளப்பாள்.

“தம்பி, பனியனக் கழட்டுங்க.”

“எதுக்குக்கா?” ஆறடி உயர அறிவழகன் மனைவியைப் பார்த்தான். இலக்கியா சிரிப்பை அடக்க முந்தானையைத் தேடினாள்.

“புழுக்கத்துல ராத்திரி கழட்ட மாட்டீங்களா? அதே மாதிரி.”

பனியனோடு தலைக்கு மேல் போன கை ஏழடி ஓரங்குலத்தில் நின்றது. சீர் ஃபேனின் றெக்கை சுற்றப்போவது ஆறடி பத்தங்குலத்தில்.

“இது இங்க வேணாம் சார்.”

“ராட வெட்டிடும்மா. இதுக்கு ஏன் இவ்ளோ யோசனை?” என்றார் சுப்பராயலு.

“வெட்டினா, ஃபேன் கழலாம இருக்க பின் போடுற ஓட்டையும் சேந்து போயிடும். அப்புறம் பின் இல்லாம தொங்கும். ஒருநாள் கழண்டு கட்டில்லயே வுழும்.”

“அப்ப சம்பந்தி மூஞ்சில எப்டி முழிக்கிறது? குடுத்த சீர பொட்டியிலயே வெச்சிருக்கோம்னு சொல்றதா? இரு, ஸ்ரீதர்கிட்ட ஒரு ஆம்பள மிஸ்திரிய அனுப்பச் சொல்றேன்.” அவர் போனை எடுத்துவிட்டார்.

அந்தப் போன் போனால் திங்கட்கிழமையிலிருந்து பெட்டி துடைப்புதான் என்று எழிலரசிக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அவள் மாட்டிய ஃபேன் இதுவரை ஒருத்தர் விரலைக்கூடத் தொட்டதில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். வராண்டாவின் தரையை மட்டும் உயர்த்தாமல் விட்டிருந்தார்கள்; அங்கே கூரை இன்னும் ஒன்பதரை அடியில்தான் இருந்தது.

“சார், நாளைக்கி சம்பந்தி வந்தா எங்க உக்காருவாரு? பொண்ணு மாப்ள ரூம்லயா?”

சுப்பராயலுவின் விரல் போனிலேயே நின்றது. பிறகு போன் சட்டைப் பைக்குப் போனது.

மறுநாள் சம்பந்தி வராண்டாவில், தன் ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்து காபி குடித்தார். “உள்ள மாட்டினா யாருக்குத் தெரியும் சம்பந்தி? தெருவே பாக்கட்டும்னு நான்தான் இங்க மாட்டச் சொன்னேன்” என்றார் சுப்பராயலு. அந்தப் பெருமையை அவர் யாரோடும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஸ்ரீதருக்குப் போன் போட்டார்: “மாடி ரூமுக்கும் ஃபேன் வேணும். அந்தம்மாவையே அனுப்பு. வேற ஆளு வேணாம்.”

முதல் நாள் எழிலரசி செய்தது இவ்வளவுதான்: ராடை வெட்ட மறுத்தாள். சீர் ஃபேனை வராண்டாவில் மாட்டினாள். படுக்கையறைக்குக் கூரையை ஒட்டி நிற்கும் முப்பத்தாறு அங்குல ஃபேனைத் தேர்ந்தெடுத்து, அதன் றெக்கை ஏழடி நாலங்குலத்தில் சுற்றும்படி பொருத்தினாள். வருகைப் பதிவேட்டில் மட்டும் “தொழில்திறன்: இல்லை” அப்படியே இருக்கிறது.