ஆடி அமாவாசையன்று இங்கிலாந்துக் கடலில்

அப்பா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இடம் மாறினால் அம்மாவுக்கு மனசு மாறும் என்று, இங்கிலாந்தில் நர்ஸாக இருந்த மாமா எங்களை அம்பாசமுத்திரத்திலிருந்து வரவழைத்தார். எட்டு வயதில், பள்ளிக்கு லீவு என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒருநாள் பழைய கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனோம். குன்றின்மேல் இடிந்த கோட்டை, கடலுக்குள் நீளும் மரப்பாலம், பிள்ளைகளைச் சுமந்து மணலில் நடக்கும் கழுதைகள். கோட்டைக்கு ஏற ஒரு குட்டி ரயில்பெட்டி.

“நம்ம ஊருல மலையேறக் காலு போதும். இவனுவளுக்கு ரயிலு வேணும், பாத்துக்க” என்றார் மாமா.

அம்மா சிரிக்கவில்லை. இறங்கி மணலுக்கு வந்ததும், “இன்னைக்கு ஆடி அமாவாசைலா. ஒரு முழுக்குப் போடுதேன்” என்றாள்.

“இந்தக் குளிருலயாக்கா? வெறைச்சுப் போவ. சரி, பைய எறங்கு. நான் துண்டு வாங்கியாரேன்.”

வருடாவருடம் பாபநாசத்தில் செய்வதுபோல அம்மா கம்மலைக் கழற்றினாள். அங்கே அப்பாவிடம் கொடுப்பாள். இப்போது என் கையில் வைத்து, “மாமா கைய விட்டுராதட்டி” என்றாள். மாமாதான் கடைக்குப் போய்விட்டாரே என்று நினைத்தேன்.

பாபநாசத்தில் மூக்கைப் பிடித்து முங்கி எழுந்ததும் எங்களைத் தேடுவாள். இங்கே முங்கவே இல்லை. சேலையோடு முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று நடந்துகொண்டே இருந்தாள். ஆழம் தெரியாமல்தான் நடந்தாளோ, தெரிந்தே நடந்தாளோ என்று, என் மகளைக் குளிப்பாட்டும்போது இன்றும் குழம்புகிறேன். அம்மாவிடம் கேட்கத் துணிவில்லை.

சிவப்புச் சட்டை போட்ட கடற்கரைக் காவலன் ஒருவன் தண்ணீரில் பாய்ந்தான். இது எங்கள் வழக்கம் என்று பள்ளிக்கூட ஆங்கிலத்தில் அவனை நோக்கிக் கத்தினேன். துண்டை எறிந்துவிட்டு மாமாவும் ஓடினார். “ஏ அக்கா, நில்லுக்கா!”

கரையில் அம்மாவைப் போர்வையால் சுற்றினார்கள். இறந்தவர்களுக்காக நீராடுவோம் என்று மாமா அவனுக்கு விளக்கினார். அவன் தலையாட்டினான். பிறகு அம்மாவின் முன் மண்டியிட்டு ஏதோ மெல்லக் கேட்டான்.

“தண்ணி குளிருதான்னு கேக்கான்” என்றார் மாமா.

“குளிருது” என்றாள் அம்மா.

எனக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். திரும்பி வரும் எண்ணம் இருந்ததா என்றுதான் அவன் கேட்டான். குளிக்கப் போனவள் திரும்பி வராமல் வேறெங்கே போவாள்? இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.