மோட்டார் அச்சில் பழனிக்குப் போன வண்டி

மூத்த பையன் பிறந்தபோது என் சம்சாரத்துக்கு இடுப்பில் விழுந்த வலி, அவன் ஓடி விளையாடுகிற வயசு வந்தும் விடவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். மாட்டு வண்டியில் ஏற்றினால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் அழுதுவிடுவாள். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் ரோட்டுக் கல் ஒன்றையும் விடாமல் அவள் முதுகில் இடிக்கும்.

அதனால் பையனுக்குப் பழனியில் எடுக்க வேண்டிய முதல் முடி எடுக்காமலே இருந்தது. தாய்மாமன் மடியில் அவனை உட்காரவைத்து முடி இறக்குவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் அவள் சாமியிடம் கேட்டதில்லை, இடுப்பு வலியைப் பற்றிக்கூட. பையன் இரட்டைச் சடையோடு திரிந்தான். சந்தைக்குக் கூட்டிப்போனால், "ஏனுங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சுங்களா?" என்று கேலி செய்வார்கள்.

ரயிலில் போகலாமே என்றார்கள். ரயிலடி வரைக்கும் அதே வண்டியில்தானே போக வேண்டும்?

அப்போதுதான் சூலூர்ப் பக்கம் ஓரிருவர் பழைய மோட்டார் காரின் அச்சை வாங்கி, ரப்பர் சக்கரத்தோடு மாட்டு வண்டிக்குப் பூட்டத் தொடங்கியிருந்தார்கள். என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், கோயமுத்தூரில் அலைந்து அப்படி ஒன்றைப் பிடித்து வந்தார். ஆசாரி அதன்மேல் கூண்டு கட்டிக் கொடுத்தார். வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, அவளைப் படுக்கவைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றினோம்.

"மாடு நடக்குதா நிக்குதான்னே தெரியலீங்க" என்றாள். பழனி இருக்கும் திசையைப் பார்த்து நான் அங்கேயே கும்பிட்டேன்.

தைப்பூசக் கூட்டம் கலைந்ததும் கிளம்பினோம். கிளம்பும் முன் மச்சான் சக்கரத்தைக் கழற்றி மசகு போட்டார். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்வது. எங்கள் பக்கத்தில் எல்லா வண்டிக்கும் அதுதான். தங்கச்சி போகிற வண்டி என்று ஒரு கை கூடவே அப்பினார்.

பல்லடத்தில் தங்கி, மறுநாள் உடுமலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. கீழ என்னமோ அரைக்குதுங்க."

"என்ன அம்மணி அரைக்குது?"

"அம்மியில மணலப் போட்டு அரைச்சாப்பல. சோத்துக்கைப் பக்கமுங்க."

மச்சான் திரும்பாமலே, "மோட்டார் அச்சு கண்ணு, அப்படித்தான் பேசும்" என்றார்.

"அண்ணா, என்ர காது பலகை மேல இருக்குது. எறங்கிப் பாருங்க."

மச்சான் இறங்கிச் சக்கரத்தின் நடுவிலிருக்கும் குடத்தைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டு துள்ளினார். அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சுட்டது. இங்கே அச்சு போய்விட்டால், பழனிக்கானாலும் ஊருக்கானாலும் அவளை இரும்புச் சக்கரத்தில்தான் ஏற்ற வேண்டும். அவள் பையனை இழுத்து அணைத்துக்கொண்டாள். "முருகா, பாதி வழியில் விட்டுவிடாதே" என்று மட்டும் நான் சொன்னேன்.

நடு ரோட்டில் நின்றதால், எதிரே வந்த பஸ் ஒன்றும் நின்றது. திட்டுவதற்கு இறங்கிய டிரைவர் ரப்பர் சக்கரத்தைக் கண்டதும் குனிந்துவிட்டார். குடத்தின் மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இதென்னங்க, அடுப்புச் சாம்பலா?"

"வண்டி மசகுங்க" என்றார் மச்சான். "சுத்தமான விளக்கெண்ணெயில கொழச்சதுங்க."

"கட்டைச் சக்கரத்துக்கு அது அமிர்தமுங்க. இதுக்குள்ள இரும்புக் குண்டு உருளுது. கரியப் போட்டீங்கன்னா உப்புத்தாள் வெச்சுத் தேச்சாப்பலத் தின்னுபோடும்."

பஸ்ஸிலிருந்து ஒருவர், "டிரைவரே, அப்படியே மாட்டுக்குப் பெட்ரோலும் ஊத்தியுட்டுட்டு வாங்க!" என்றார்.

"அவசரமுன்னா எறங்கி நடங்க, நான் பின்னாலயே வாரேன்" என்றார் டிரைவர்.

லாந்தருக்கு வைத்திருந்த சீமெண்ணெயில் குண்டுகளைக் கழுவச் சொன்னார். தன் டப்பாவிலிருந்து கிரீஸை வழித்து ஓர் எருக்கிலையில் வைத்துக் கொடுத்தார். "மரையக் கெட்டியா முறுக்கிச் சக்கரத்தச் சுத்துங்க. அப்புறம் கொஞ்சம் தளத்தியுடுங்க. சக்கரம் ஆடவும் கூடாது, புடிக்கவும் கூடாது." பையனின் சடையைப் பார்த்துச் சிரித்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

இரண்டு சக்கரத்தையும் கழுவிக் கிரீஸ் வைத்தோம். ஆனால் தளர்த்த மச்சானுக்கு மனசு வரவில்லை. "தங்கச்சி படுத்திருக்கற வண்டி மாப்ள, சக்கரம் கழண்டு ஓடுச்சுன்னா?" என்று மூச்சைப் பிடித்து முறுக்கினார். நாலு அடி போவதற்குள், "அண்ணா, இழுத்துப் புடிக்குதுங்க" என்றாள். இறங்கித் தளர்த்தினார். "இப்பத் தடதடங்குதுங்க." மறுபடியும் இறங்கினார்.

"உப்புப் பாக்கறாப்பலப் பாக்கறயே அம்மணி! பொறந்ததுலயிருந்து நான் சொன்னது ஒண்ணும் உன்ர காதுல உழுகுல, இது மட்டும் உழுகுதாக்கும்?"

"நீங்க சொன்னதுல என்னங்கண்ணா இருந்துச்சு, கேக்கறதுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். மச்சான் மரையை நூல் அளவு திருப்பினார். வண்டி நகர்ந்தது. அவள் உள்ளங்கையைப் பலகையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்கலீங்கண்ணா. கம்பிப் பின்னப் போடுங்க."

மரை கழலாதபடி மச்சான் பின்னைச் செருகி வளைத்துவிட்டார். வழியில் பலமுறை குடத்தைத் தொட்டுப் பார்த்தோம். பிறகு சூடு ஏறவேயில்லை.

பழனி அடிவாரத்தில் மச்சான் மடியில் உட்கார்ந்து பையன் ஊரைக் கூட்டினான். என் சம்சாரம் சுவரில் சாய்ந்து பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டிருந்தாள். சடை இரண்டும் விழுந்தன. மொட்டைத் தலையில் சந்தனத்தை அவள் கையாலேயே பூசினாள்.

அவளால் மலை ஏற முடியாது. நானும் மச்சானும் பையனைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். எங்கள் பேர்களுக்கு அர்ச்சனை முடிந்ததும் டிரைவருக்கும் ஒன்று செய்யச் சொன்னேன். குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். நன்றி சொல்கிற அவசரத்தில் ஊர் பேர்கூட நாங்கள் விசாரிக்கவில்லை.

"அப்படின்னா சாமி பேருக்கே பண்ணிடலாம்" என்றார் குருக்கள்.

கீழே வந்து விபூதியைக் கொடுத்தபோது அவளிடம் அதைச் சொன்னேன். அவள் நெற்றியில் இட்டுக்கொண்டு, "அது அவருக்குப் போய்ச் சேந்துருமுங்க" என்றாள். அன்றிலிருந்து எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமி பேருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் வருகிறோம்.