அத்தை கர்னலாகாத கோடை

எங்கள் தெரு பெரிய சாலையோடு சேரும் முனையில், மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. அதில் ராணுவச் சீருடையில் என் அத்தை, பக்கத்தில் கைகூப்பியபடி, சின்னதாக, என் அப்பா. ‘இந்திய ராணுவத்தில் கர்னலாகப் பதவி உயர்வு பெற்ற எங்கள் அக்காவே, வருக வருக’ என்று தங்க நிறத்தில் எழுத்து. விடுமுறைக்கு வந்த அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து ஓரத்தில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் நிதானமாகப் படித்தார். மத்திய அரசுப் பணித் தேர்வில் தேறி, பயிற்சிக்கு நடுவே கிடைத்த விடுமுறையில் நானும் அந்த வாரம் வீட்டில் இருந்ததால், அப்பாவோடு முனையிலேயே காத்துக்கொண்டிருந்தேன். அத்தையின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. “போட்டோ நல்லா வந்துருக்குதுபா” என்றார் அப்பாவிடம். “ஆனா நான் கர்னல் ஆவல.”

அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அத்தை ராணுவச் செவிலியர் பணியில் லெப்டினன்டாகச் சேர்ந்தவர். அதன்பிறகு கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல் என்று ஒவ்வொன்றும் நேரத்துக்கு வரும் பேருந்து போல வந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் ஒழுங்காக வேலை செய்தால் இந்தப் பதவி என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. அப்பா அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அவராகவே எண்ணிப் பார்த்து, செய்தி வருவதற்கு முன்னமே இனிப்பு வாங்கி வைத்துவிடுவார், செய்தியும் பின்னாலேயே வந்துவிடும். ஆனால் கர்னல் பதவி அந்தக் கணக்கில் வராது. தில்லியில் பெரிய அதிகாரிகள் ஒரு குழுவாக உட்கார்ந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் மேலதிகாரிகள் வருடாவருடம் எழுதிய அறிக்கைகளைப் படித்து, பலரில் சிலரை மட்டும் எடுப்பார்கள். வயது ஏறினால் ஏறும் படிகள் அதோடு முடிந்துபோகின்றன. பேருந்து நிலையத்துக்கு எதிரே டயர் கடை வைத்திருந்த அப்பாவுக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? எங்கள் வம்சத்திலேயே அத்தனை தூரம் போன முதல் ஆள் அத்தைதான்.

அந்த முனையில் எங்கள் முகம் ஏறியதும் அதுதான் முதல் தடவை. கட்சிக்காரர்களின் முகம், காதுகுத்துப் பிள்ளைகளின் முகம், பட்டுக்கடை முதலாளிகளின் முகம் எல்லாம் அங்கே வெயிலில் காய்ந்து வெளுத்திருக்கின்றன. எங்கள் தாத்தா முசரவாக்கம் பக்கம் ஊரார் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர். அவருடைய மகள் அந்த முனையில் தொப்பியும் பதக்கமுமாக நின்றபோது, “யாரைக் கேட்டுக் கட்டினீங்க?” என்று ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். கழற்றினால் அவருக்கு எத்தனை சந்தோஷமாக இருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தை சொன்னதைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. “மன்னிச்சுருக்கா, நான் இப்பவே இறக்கிடுறேன்” என்று ஏணிக்கு ஓடினார்.

“நில்லுடா” என்றார் அத்தை. “எதுக்கு இறக்குற? நான் என்ன திருடிக்கினா வந்தேன்?”

“பொய்யாப் போச்சேக்கா.”

“பொய்யை மட்டும் எடு. உன் கடை பக்கத்துல நம்பர் பிளேட் எழுதுறாரே, அவரைக் கூட்டியா.”

அப்பா கெஞ்சினார். ராவோடு ராவாக வேறு பேனர் அடித்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றார். அத்தை கேட்கவில்லை. நல்ல உச்சி வெயிலில் அந்த ஓவியர் பெயின்ட் டப்பாவோடு ஏணியில் ஏறினார். ‘பதவி உயர்வு பெற்ற’ என்பதன்மேல் வெள்ளை அடித்து, ‘பணியாற்றிவரும்’ என்று எழுதினார். கர்னலுக்கு முன்னால் இருந்த கொஞ்ச இடத்தில் ‘லெப்டினன்ட்’ என்பதை நெருக்கி நுழைத்தார். பெரிய அச்செழுத்துக்குப் பக்கத்தில் அது சின்னதாக, கறுப்பாக, தனியாகத் தெரிந்தது. கீழே கூட்டம் கூடிவிட்டது. பட்டெடுக்க வந்த வெளியூர்க் கார் ஒன்றுகூட நின்று பார்த்தது. அத்தை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணிக்குக் கீழேயே நின்று, “‘ட்’ விட்டுப் போச்சு பாருங்க” என்று ஓவியருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, பதவிய இறக்கிட்டாங்களா?” என்று தறிக்காரர் ஒருவர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

“இறக்கலபா. ஏத்தல.”

அடுத்த இரண்டு நாளில் எத்தனை பேர் கேட்டார்களோ, அத்தனை பேருக்கும் அதே பதில்தான். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு வெட்கத்தில் வெந்தேன். அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ராணுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தில் எங்கும் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மற்ற அலுவலகங்களில் பதவி உயர்வு கிடைக்காததை ஒருவர் மறைத்துக்கொண்டு திரியலாம். அங்கே பதவி தோளில் இருக்கிறது. அத்தையின் தோளில் சிங்க முத்திரையும் ஒரு நட்சத்திரமும். தேர்வானவருக்கு இன்னொரு நட்சத்திரம் கூடும், எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் தேர்வாகாதவர் சத்தமில்லாமல் ஓய்வு கேட்டுப் போய்விடுவார். அல்லது யாரும் தெரியாத ஏதோ ஒரு சிறிய இடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொள்வார். மேலிடமும் அதை அன்போடு, உடனடியாகச் செய்து தரும். அத்தைக்கும் அந்த அன்பு வந்திருந்தது. காரணம், கர்னலாகி அதே மருத்துவமனைக்குத் தலைமை மேட்ரனாக வரப்போகிறவர் அத்தைக்கு இளையவர், அத்தையிடமே வார்டு வேலை பழகியவர். மறுமாதத்திலிருந்து அத்தைதான் அவருக்கு முதலில் சல்யூட் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, ஏரி மீனைக் கழுவிக்கொண்டே அத்தை நடந்ததைச் சொன்னார். சில வருடங்களுக்கு முன் அவர் வேலை பார்த்த மருத்துவமனையில் ஆண்டு விழா. விருந்தினர்களை வரவேற்க, இளம் செவிலிய அதிகாரிகள் பட்டுப்புடவை கட்டி, பூங்கொத்தும் தேநீர்த் தட்டுமாக வரிசையில் நிற்க வேண்டும் என்று அங்கிருந்த தலைமை அதிகாரி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வார்டில் லாரி கவிழ்ந்து அடிபட்ட சிப்பாய்கள் படுத்திருந்தார்கள். அத்தை ஒருவரையும் அனுப்பவில்லை. “அவங்களும் ஆபீசருங்கதான் சார், டிரே தூக்குறதுக்கு ஆள் வேற இருக்காங்கன்னேன். சிரிச்சாரு. சிரிச்சுக்கினே போயி என் ரிப்போர்ட்டுல எழுதிட்டாரு” என்றார் அத்தை. “என்ன எழுதினாருன்னு எனக்குக் காட்டமாட்டாங்க. எந்த வருஷம் எழுதினாருன்னு எனக்குத் தெரியும்.”

“எழுதட்டும்கா, விடு” என்றார் அப்பா. அவர் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு செய்துவிட்டிருந்தார். நகரத்தில் புதிதாகக் கட்டியிருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் டாக்டர் அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். செவிலியர் கண்காணிப்பாளர் வேலை, நல்ல சம்பளம், வந்துபோகக் கார். மரியாதையாகத்தான் பேசினார். கூட வந்த ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரர்தான் கெடுத்தார். காபியை ஆற்றிக்கொண்டே, “உங்க ஜனத்துல இவ்ளோ தூரம் வந்ததே பெருசும்மா. இதுக்கு மேல ஆசைப்படக் கூடாது” என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. இவர்கள்தான் தூரத்தை அளந்து வைத்திருப்பவர்கள், நமக்கு எது போதும் என்பதும் இவர்களுக்குத்தான் தெரியும்!

அத்தை கோபப்படவில்லை. “ஆசைப்படலீங்க, சார். எனக்கு வரவேண்டியதக் கேட்டுக்கினு இருக்கேன்” என்றார். பிறகு டாக்டரைப் பார்த்து, “எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்குது டாக்டர். முடிச்சுட்டு வந்து வேலை கேக்குறேன். அப்ப இல்லன்னு சொல்லிடாதீங்க” என்று சிரித்தார்.

அவர்கள் போனபிறகு வீட்டில் பெரிய சண்டை. அப்பா அழுதே விட்டார். உன்னிடம் வேலை கற்றவளுக்கு நீ சல்யூட் அடிப்பாயா, எந்த முகத்தோடு அங்கே நிற்பாய் என்று கேட்டார். அத்தை மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றார். “டேய், நான் போயிட்டா யாருக்கு நல்லது? எழுதினவருக்கு நல்லது. அதப் படிச்சு என்னை ஒதுக்கினவங்களுக்கு நல்லது. ஏத்தாம விட்ட ஆளைத் தினம் தினம் பாக்கறது அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குது. அந்தக் கஷ்டத்தத் தீத்து வைக்கத்தான் நான் பட்டாளத்துல சேந்தேனா?” என்றார். அத்தை ஊரிலிருந்தே சட்டப்படியான முறையீட்டை எழுதி அனுப்பினார். விடுமுறை முடிந்ததும் அதே மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே என்ன நடந்தது என்று அத்தை வாயைத் திறந்ததே இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு, தலைமை மேட்ரனாக வந்த அந்த இளையவர், தன் மகளுடைய கல்யாணத்துக்குப் பட்டெடுக்க எங்கள் ஊருக்கு வந்தார். மலையாளி. அத்தையைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவராகவே சொன்னார். பதவியேற்ற அன்று அத்தையை எப்படி எதிர்கொள்வது என்று தெரியாமல், அவரை வேறு ஊருக்கு மாற்றிவிடும்படி தானும் மேலிடத்தில் கேட்டுப் பார்த்தாராம். காலையில் அத்தை எல்லோருக்கும் முன்னால் வந்து, நிமிர்ந்து நின்று, பிசிறில்லாத ஒரு சல்யூட் அடித்து, ‘குட்மார்னிங் மேடம், அறுவை வார்டில் கையுறை தீர்ந்துவிட்டது’ என்றாராம். “எனக்குத்தான் பதிலுக்குக் கை தூக்கத் தெம்பில்ல” என்றார் அந்த அம்மாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே சல்யூட், அதே வேலை. அத்தை எதிரில் வரும்போதெல்லாம் பெரிய அதிகாரிகள் வேறு பாதையில் திரும்பிப் போனதையும் அவர்தான் சொன்னார். அத்தை அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றி, “அந்தக் கையுறை வந்துச்சா இல்லையா, அதச் சொல்லு” என்றார்.

முறையீட்டுக்குப் பதில் வர நெடுநாளாயிற்று. அந்த ஒரு வருடத்து அறிக்கை நியாயமில்லாதது என்று நீக்கப்பட்டு, அத்தையின் பெயர் திரும்பவும் குழுவின் முன் போய், அவர் கர்னலானார். நட்சத்திரம் ஏறியபோது சர்வீஸ் கொஞ்சம்தான் பாக்கி. பிரிகேடியர் ஆகியிருக்க வேண்டியவர். அந்த வருடங்களை யாரும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. நியாயம் கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குச் சண்டை போடத் தோன்றும். தட்டிப் பறித்ததில் பாதியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வதற்குப் பெயர் நியாயம் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நான் தில்லியில் ஓர் அமைச்சகத்தில் இயக்குநராக இருக்கிறேன். அடுத்த படி இணைச் செயலர். அதுவும் வருடக் கணக்கில் வராது, தேர்வுப் பட்டியலில் பெயர் வர வேண்டும். போன மாதம் பட்டியல் வந்தது. எனக்கு இளையவர்களின் பெயர்கள் இருந்தன, என் பெயர் இல்லை. நல்லெண்ணம் கொண்டவர்கள் அன்று மாலையே அறைக்கு வந்துவிட்டார்கள். விருப்ப ஓய்வைப் பற்றி யோசித்தாயா, ஊரில் காற்று நன்றாக இருக்குமே, ஏதாவது பல்கலைக்கழகத்துக்கு அயல்பணியாகப் போய்விடேன் என்றார்கள். அவர்கள் குரலில் இருந்த அன்பை நான் ஏற்கெனவே ஒரு கோடையில் பார்த்திருக்கிறேன். மறுபரிசீலனைக்கு எழுதி அனுப்பிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. “போதும்மா, வந்துடு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை, சொல்ல மாட்டார் என்று எனக்கும் தெரியும். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டார்.

“உன் ஜூனியருக்கு எந்த ரூமு குடுத்துருக்காங்க?”

“என் ரூமுக்கு நேர் எதிர்ல, அத்தே.”

“நீ கதவச் சாத்திக்கினு உக்காந்திருக்கியா?”

“இல்ல அத்தே. முன்னாடி ஏசிக்காகச் சாத்தி வெப்பேன். லிஸ்ட் வந்த நாள்லருந்து தொறந்துதான் வெச்சிருக்கேன்.”

“தில்லி வெயில்லயா?”

“தில்லி வெயில்லதான்.”

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய், கதவை அகலத் திறந்து, அது திரும்பச் சாத்திக்கொள்ளாதபடி இருப்பதிலேயே கனமான கோப்புக் கட்டை எடுத்து முட்டுக் கொடுத்தேன்.