ஏலக்காய் மாதிரி பிரித்த பானை ஓடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில்... அதுவும் பட்டப்பகலில்!

இடம், போடியிலிருந்து ராசிங்காபுரம் போகும் வழியில் மலைச்சரிவை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அங்கே ஊர்க்காரர்களே நடத்தும் தொல்பொருள் பார்வையாளர் மையம் ஒன்று இருக்கிறது. பழைய பால் சொசைட்டி கட்டடத்துக்கு வெள்ளையடித்து, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துத் திறக்கிறார்கள். அன்று பேச்சியம்மாளின் முறை. மதுரையிலிருந்து ரயிலில் வந்திருந்த கல்லூரி மாணவிகளுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

தட்டுத் தட்டாக வைத்திருந்த பானை ஓடுகளுக்கு முன்னால் வந்ததும் சொன்னார்:

“இதெல்லாம் எந்தத் தோட்டத்துல கெடச்சதுன்னு மட்டும் கேட்றாதீக தாயி. தெரியாது. தனித்தனியா இருந்ததை ஒண்ணாக் கலந்துட்டோம். நாங்கதான் கலந்தோம்.”

மாணவிகள் குறிப்பெடுத்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போனேன். ஏன் என்று கேட்கிறீர்களா? இரண்டு வருடமாக உங்களிடம் சொல்லாத கதை அது.

அந்த ஊரில் எங்கே உழுதாலும் ஓடு கிடைக்கும். தாழியின் விளிம்பு, கறுப்பும் சிவப்புமான சில்லு, எப்போதாவது ஒரு பாசிமணி. மையம் தொடங்குவது என்று முடிவானதும் ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் தன் நிலத்தில் கிடைத்ததை ஒரு மஞ்சள் பையில் போட்டு, தோட்டத்தின் பெயரை எழுதிய சீட்டையும் உள்ளே வைத்துக் கொடுத்தார். பதினொரு தோட்டம், பதினொரு பை. எல்லாம் சுவரில் ஆணி அடித்து வரிசையாகத் தொங்கின.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நான் போனேன். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திக்கு ஒரு போட்டோ வேண்டும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி தொங்குவதைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்ப்பார்கள்?

“எல்லாத்தையும் கீழே கொட்டி, அழகா அடுக்கி வையுங்களேன்” என்றேன்.

பேச்சியம்மாள் தயங்கினார். “பையைப் பிரிக்கணுமாண்ணே? உள்ள சீட்டு இருக்கே...”

“சீட்டை யார் பார்க்கப் போறா? வெளிச்சம் போறதுக்குள்ள வெரசா முடிங்க.”

கவனியுங்கள் — அவர் கேட்டார். பதில் சொன்னது நான்.

பேச்சியம்மாளும் கூட இருந்த ஐந்து பெண்களும் போடி ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்கப் போகிறவர்கள். பச்சை குறையாத காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், அதிலும் பருமன் வாரியாகத் தனி. வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை பிரித்துக்கொண்டே இருக்கும். அவர்களிடம் ஓட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே மணி நேரம்! கறுப்பு தனி, சிவப்பு தனி, இரண்டும் கலந்தது தனி. பெரிசு, நடுத்தரம், பொடி. ஒரு சில்லுகூட இடம் மாறவில்லை. பதினொரு சீட்டும் குப்பையோடு கூட்டி வெளியே தள்ளப்பட்டது.

நான் சந்தோஷமாகப் படம் எடுத்தேன். ஏலக்காய் பிரித்த விரல்கள் இப்போது வரலாற்றைப் பிரிக்கின்றன என்று உருகி உருகி எழுதினேன். உங்களில் பலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். வெட்கமில்லாமல் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து மதுரையிலிருந்து ஒரு தொல்லியல் பேராசிரியர் தன் சகாக்களோடு வந்தார். நான் அழைத்துத்தான் வந்தார். சிவப்புத் தட்டிலிருந்து உள்ளங்கை அகல ஓடு ஒன்றை எடுத்தார். திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதில் கீறல்கள்... மூன்று எழுத்துகள். அவர் முகமே மாறிவிட்டது.

“இது எந்த நிலத்துல கிடைச்சது?”

பெண்களின் கண் சுவரிலிருந்த வெற்று ஆணிகளுக்குப் போனது.

“தோட்டம் தெரிஞ்சா போதும். அங்கே ஒரு சோதனைக் குழி போடணும்னு நானே எழுதறேன். தெரியலேன்னா... பதினொண்ணையும் தோண்ட யார் அனுமதி கொடுப்பா? இதை யார் கலந்தது?”

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அவரிடம் திரும்பி, “நாங்கதான் சார். காய் பிரிக்கிற பழக்கத்துல செஞ்சுட்டோம்” என்றார்.

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். திறந்து சொன்னது என்ன தெரியுமா? “பாவம் சார், தெரியாம செஞ்சுட்டாங்க.”

பேராசிரியர் ஓட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினார். சோதனைக் குழி வரவில்லை. அதற்கப்புறம் மூன்று தோட்டங்களை ஜேசிபி விட்டுச் சமப்படுத்தித் தென்னை வைத்துவிட்டார்கள். அந்த எழுத்தின் மிச்சம் அந்த மூன்றில் ஒன்றில் கிடந்ததா? கிடந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஊருக்கு உதவி செய்யக் கிளம்பும் என்னைப் போன்ற ஆட்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யோசனை சரியாக வந்தால் அது எங்கள் யோசனை. பிசகினால் அது அவர்களுடைய அறியாமை!

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாணவிகள் பஸ் ஏறியதும் தூணை விட்டு வெளியே வந்தேன். பேச்சியம்மாள் ஆச்சரியப்படவில்லை. வந்தபோதே பார்த்திருப்பார் போல.

“அந்தக் கதையை வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லணுமா? உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைகுனிவு?” என்றேன்.

“சொன்னாத்தானே அண்ணே அடுத்தவுக கலக்க மாட்டாக? போன வாரம் தேவாரம் ஊர்க்காரர் ஒருத்தரு, ஆனை மிதிச்ச எடத்துல கெடந்துச்சுன்னு நாலு ஓடு கொண்டாந்தாரு. கெடந்த எடத்துல கல்லு நட்டு அடையாளம் வச்சுட்டு வந்திருக்காரு. இங்க கேட்டுட்டுப் போன கதைதான்.”

பிறகு ஒருவழியாகக் கேட்டேன்: “கொட்டச் சொன்னது நான்தானே?”

“ஆமா” என்றார், தட்டைத் துடைத்துக்கொண்டே. “அன்னைக்கே சொல்வீகன்னு பாத்தேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சோலி கிடக்கிறது என்று அடுத்த தட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

அந்தப் பேராசிரியர் இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர். ஆகவே, இந்த வாரம் கடைசி வரி அவருக்கு.

சார்... அந்த ஆறு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் செய்தவன் நான்.