கடல் உள்வாங்கிய ஞாயிறு

பெரம்பூரிலிருந்து அழைப்பு வந்து நான்கு நாளாகிவிட்டது. ‘ஞாயித்துக்கெயம அந்தத் தம்பிய வூட்டுக்கு இட்டுகினு வா, என் கையால சோறு போடணும்’ என்று நண்பனின் அம்மா சொல்லியிருந்தார். நண்பன் அதை அப்படியே தட்டி எனக்கு அனுப்பியிருந்தான். தன் பங்குக்கு ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு அந்தச் செய்தியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். விடுமுறையில் இன்னும் பத்து நாள் பாக்கி. அந்த அம்மாவுக்கு எவ்வளவு தெரியும்? மகன் என்ன சொல்லிவைத்திருக்கிறான்?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் அவனும் பிரான்சின் மேற்குக் கரையில், கப்பல் கட்டும் ஊர் ஒன்றில் வெல்டர்கள். என்னுடையது மீன்பிடிக் குடும்பம். அவன் அப்பா பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர். ஒரே ஏஜென்ட், ஒரே விமானம், அங்கே போய் ஒரே அறை. அவன் ரசம் வைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். என்னை ‘மாமு’ என்பான், கோபம் வந்தால் ‘இன்னாடா டேய்’ என்பான். இரண்டு வருடத்தில் அவன் என் அண்ணன் தம்பிகளைவிட நெருக்கமாகிவிட்டான்.

வாரநாட்களில் ஒரு குறையும் இல்லை. காலையில் வேலைக்கூடத்துக்குள் நுழைந்தால் எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுக்க வேண்டும். நாற்பது பேர் இருந்தால் நாற்பது கை. மறந்துபோய் இரண்டாவது தடவை ஒருவருக்கே நீட்டினால் ‘நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே’ என்று சிரிப்பார்கள். மதியம் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, பாலாடைக்கட்டி வெட்டி, பேசிப் பேசிச் சாப்பிடுவார்கள். நான் முதல் நாள் நின்றபடியே டப்பாவைக் காலி செய்தபோது, ஏதோ துக்கவீட்டுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஞாயிற்றுக்கிழமை. மதியத்துக்குமேல் கடை கிடையாது, தெருவில் ஆள் கிடையாது. ஊரடங்கு போட்டதுபோல இருக்கும். காசிமேட்டில் ஞாயிறு என்றால் கால் வைக்க இடமிருக்காது; ஐஸும் மீனும் ஆளும் வண்டியும் ஒன்றன்மேல் ஒன்று. இங்கே நாங்கள் துணி துவைப்போம், வீட்டுக்கு வீடியோ கால் போடுவோம், தூங்குவோம். அது கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை காலையில் கை கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவரும் கேட்பார்கள், வாரக்கடைசியில் என்ன செய்தாய் என்று. ஒருவர் மலையேறியிருப்பார். ஒருவர் பாய்மரப் படகு ஓட்டியிருப்பார். நாற்பது வயதுக்காரி ஒருத்தி கொம்பு வாத்தியம் கற்றுக்கொண்டிருப்பாள். நாங்கள் என்ன சொல்வது, ஜட்டி துவைத்தோம் என்றா? என் நண்பன் ஒரு திங்கள் மாதாகோவிலுக்குப் போனேன் என்றான், மறு திங்கள் கால்பந்து ஆடினேன் என்றான். மூன்றாவது திங்கள் எந்த மைதானம் என்று கேட்டுவிட்டார்கள். முழித்தான் பாருங்கள்.

அதனால்தான் மார்ச் மாதத்தில், எனக்கு அடுத்த மேடையில் வேலை செய்யும் ஆள் மட்டி பொறுக்கும் கதையைச் சொன்னதும் நான் துள்ளிக் குதித்தேன். அந்த ஞாயிறு கடல் மிகத் தொலைவு வற்றுமாம். வாளியும் மணலைக் கிளறும் கைவாருகோலும் எடுத்துக்கொண்டு ஊரே கடலின் அடித்தரையில் இறங்குமாம். உணவுக்கூடத்துச் சுவரில் தொங்கும் சிறிய புத்தகத்தைப் புரட்டி, அன்றைய தேதிக்கு நேரே இருந்த எண்ணைக் காட்டினார். பெரிய எண் என்றால் கடல் அதிகம் வற்றும், அதே வேகத்தில் திரும்பியும் வரும் என்றார். வெல்டிங் சாக்கட்டியால் இரும்புத் தகட்டில் பன்னிரண்டு நாற்பது என்று எழுதினார். அதற்குள் கரையேறிவிட வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கு யார் கடலைப் பற்றிச் சொல்வது? மீன் குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தருகிறாரே இந்த மனிதர்! என் அப்பா, சித்தப்பா, மாமன் எல்லாரும் கடலில் கிடந்தவர்கள் என்று உடைந்த பிரெஞ்சில் அளந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற என் நண்பனிடம், “நீ பெரம்பூரு, தண்ணின்னா உனக்குக் கொயாத் தண்ணி. என் பின்னாடி வா, போதும்” என்றேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. “நீ கீற இல்ல மாமு, எனக்கு இன்னா பயம்” என்றான்.

எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டென்றால் அது இதுதான். எண்ணூர் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஓர் ஆள் முழங்கால் உயரம். அதை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. காற்று எந்தப் பக்கம், அலை எப்படி, நீரோட்டம் வடக்கே இழுக்கிறதா தெற்கே இழுக்கிறதா, இவ்வளவுதான் பார்ப்போம். கடிகாரத்தைப் பார்த்துக் கடலுக்குப் பயந்தவன் எங்கள் குப்பத்தில் ஒருவனும் இல்லை. அந்த ஞாயிறு காற்றே இல்லை. அலையே இல்லை. கடல் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகப் படுத்துக் கிடந்தது. இதைவிடச் சாதுவான கடலை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று நினைத்தேன்.

ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். வழியில் கணுக்கால் அளவுக்கு ஓடிய ஒரு வாய்க்காலைக் கடந்தோம். அதற்கப்பால் சேறு கலந்த மணல். வரிசை வரிசையாக மரக்கம்பங்கள் நட்டு, அவற்றில் கருநீலச் சிப்பி வளர்த்திருந்தார்கள். கம்பத்தில் கை வைக்கக் கூடாது, தரையில் இருப்பதை எடுக்கலாம். நான் பூட்ஸைக் கழற்றி, எங்கள் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றில் தேடுவேனே, அதுபோலக் கால்விரலால் துழாவித் துழாவி மட்டி எடுத்தேன். உறைபனித் தண்ணீர், கால் மரத்துப்போனது. இருந்தாலும் எவ்வளவு சந்தோஷம்! பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக் கிழவர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த நாட்டில் இரண்டு வருடத்தில் முதல்முறையாக எனக்குத் தெரிந்த ஒரு வேலையை நாலு பேர் பார்க்கச் செய்துகொண்டிருந்தேன்.

அந்தப் பெருமையில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். போனைச் சுற்றிக் காட்டினேன்.

அம்மாவின் முகம் மாறியது. “டேய், கடலு எங்கடா? உள்வாங்கிக்கீதா? ஓடுடா! கரைக்கு ஓடுடா!” என்று கத்தினார். சுனாமி அன்று காலையில் கடல் உள்ளே போனதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். அந்தக் கத்தலில் இருந்தது அதே பயம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். “யம்மா, இங்க தெனமும் ரெண்டு வாட்டி இப்படித்தாம்மா. சும்மா பேஜார் பண்ணாத” என்றேன். நண்பனும் போனுக்குள் தலையை நீட்டி, “உன் புள்ள கீறாரு இல்ல, கவலப்படாதம்மா” என்றான். அம்மா அழத் தொடங்கியதும் போனை அணைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது கிழவரைக் காணோம். வாளிக்காரர்கள் ஒருவரையும் காணோம். முன்னால் பார்த்தேன், கடல் அதே இடத்தில் கோடாகத்தான் இருந்தது. ஆக பயமில்லை என்று இன்னும் இரண்டு கை மட்டி எடுத்தேன். அப்போது நண்பன் கரைப்பக்கம் திரும்பி நின்று, “மாமு, இந்தத் தண்ணி முன்னாடி இல்லியே?” என்றான்.

கடல் எங்களுக்கு முன்னால் வரவில்லை. முதுகுக்குப் பின்னால், அந்த வாய்க்கால் வழியாக வந்துவிட்டிருந்தது. சத்தமில்லை, நுரையில்லை. கணுக்கால் அளவாக விட்டுவந்த வாய்க்கால் இப்போது எங்கள் எண்ணூர் முகத்துவாரத்தின் அகலத்துக்கு, கரைக்கும் எங்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது.

வாளியைப் போட்டோம். ஓடினோம். “என் கைய வுடாத மாமு” என்றான். “வுட மாட்டேன், வா” என்றேன். இடுப்பு வரை இறங்கினோம். மார்பு வரை. குளிர் மூச்சைப் பிடித்தது. நடுவில் கால் தரையைத் தொடவில்லை. அவன் பூட்ஸில் தண்ணீர் நிறைந்து அவனைக் கீழே இழுக்க, அவன் இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இருவரும் மூழ்கினோம்.

மூழ்குகிறவனைப் பின்பக்கமாகப் போய் முடியைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று எங்கள் குப்பத்தில் நண்டுசிண்டுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். நான் அதைச் செய்யவில்லை. அவன் கைகளைப் பிய்த்து எறிந்தேன். அவன் மார்பில் காலை ஊன்றி எட்டி உதைத்தேன். உதைத்த வேகத்தில் நீந்தினேன். கரைப்பக்கத்து மணலில் முட்டி தட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

நீரோட்டம் அவனைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு சிப்பிக் கம்பத்தில் மோதியிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு தொங்கினான். தண்ணீர் அவன் தோளுக்கு வந்திருந்தது, ஏறிக்கொண்டிருந்தது. நான் அறிந்த நீச்சலுக்கு அது பெரிய தூரமில்லை. ‘மாமு’ என்று ஒரு தடவை கூப்பிட்டான். நான் நின்றேன். பயந்துவிட்டேன், அவ்வளவுதான், இதற்கு வேறு பேர் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சிப்பி வளர்க்கும் பெண் ஒருத்தி உயரமான டிராக்டரில் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள்தான் பார்த்தாள். சக்கரம் முக்கால்வாசி முங்க வண்டியைத் தண்ணீருக்குள் விட்டு, கயிற்றை வீசி, அவனை இழுத்துப் போட்டாள். கரைக்கு வந்து என்னிடம் தன் மணிக்கட்டுக் கடிகாரத்தில் விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். அவன் உள்ளங்கைகளைச் சிப்பி ஓடுகள் கிழித்திருந்தன. “போன் பூட்ச்சு” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் வேலைக்கூடத்தில் வாரக்கடைசி எப்படி என்று கேட்டார்கள். தூங்கினோம் என்றான். அறையில் வழக்கம்போல ரசம் வைத்தான். எனக்கு முதலில் ஊற்றினான். ஆனால் ‘மாமு’ இல்லை, ‘டேய்’ இல்லை. “சாப்ட்டாச்சா?” என்பான். “லைட் அணைக்கலாமா?” என்பான். என்னைத் திட்டித் தீர்த்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவன் அதற்கு இடமே கொடுக்கவில்லை. ஒன்றரை மாதம் இப்படியே ஓடி, ஒன்றாகவே ஊருக்கு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில்லாமல் பெரம்பூர் போனேன். மாடி வீடு. அவன் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். என் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இந்தக் கைதானேப்பா என் புள்ளய தண்ணிலேந்து இஸ்துகினு வந்துச்சு!”

அவனைப் பார்த்தேன். அவன் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மீன்கார வூட்டுப் புள்ளைக்கு மீன் ஆக்கிப் போட்டா நீ சிரிப்பியேன்னுதான் கறி எடுத்தேன். நல்லா சாப்புடு நைனா” என்று அள்ளி அள்ளி வைத்தார். அவன் அப்பா எதிரே உட்கார்ந்து, “எங்களுக்கு ஒத்தப் புள்ளப்பா, நீ இல்லன்னா இன்னா ஆயிருக்கும்” என்றார். ஒரு நிமிடத்துக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“அம்மா, அன்னிக்கு நான்…” என்று ஆரம்பித்தேன்.

“அவனுக்குக் கொயம்பு ஊத்தும்மா” என்று அவன் குறுக்கே புகுந்தான். அந்த அம்மா குழம்பு ஊற்றினார். நான் சாப்பிட்டேன்.

கீழே இறங்கி வந்து, வண்டியருகே அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் தழும்பு நெருடியது. “எதுக்குடா அப்படிச் சொன்ன? என்னக் கொல்றதுக்கா?” என்றேன். அழுகை வந்துவிட்டது.

“உனக்காக சொல்லல. தண்ணில மாட்டுன சங்கதி தெரிஞ்சிப்போச்சு, கைய பாத்து கண்டுகினாங்க. தோஸ்து காப்பாத்துனான்னு சொன்னாதான் அம்மா என்ன திரும்ப அனுப்பும். இல்லாங்காட்டி இங்கயே கட்டிப் போட்ரும்” என்றான். கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். “ஒதச்சியே, அதுக்கு எனக்குக் கோவமே இல்ல. உசுரு பயம், நானா இருந்தாலும் ஒதச்சிருப்பேன். கரையில நின்னு பாத்துகினே இருந்த பாரு. கண்ண மூடுனா அதான் வருது. அங்க போயி வேற ரூம் பாத்துக்கறேன். மூட்டைய எடுக்கும்போது ஏன்னு கேக்காத, அதுக்குத்தான் இப்பவே சொல்லிட்டேன்.”

சரி என்றேன்.

வண்டியைக் கிளப்பும்போது மாடியிலிருந்து அவன் அம்மா எட்டிப் பார்த்தார். “தம்பி, அந்த ஊர்ல அவன தனியா மட்டும் வுட்றாதப்பா!” என்று கத்தினார். நண்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தலையை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி, “வுட மாட்டேம்மா” என்றேன்.